முதுகு நடிகை

சந்தையில் சூப்புக்கடை வைத்திருக்கும் என் அம்மாவுக்கு இரண்டு பெயர். கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் வேண்டுமென்றால் போங்சிம் அக்கா. சூப்பும் குடித்து, இரண்டு கோப்பை சோஜு சாராயமும் உள்ளே இறங்கிவிட்டால் முதுகு நடிகை.

"முதுகு நடிகையம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, கிம்சி தீர்ந்துபோச்சு" என்பான் பக்கத்துக் கறிக்கடை சோ. கடை முழுக்கச் சிரிக்கும். அம்மா திரும்பாமலே கிம்சி ஊறுகாய்த் தட்டைப் பின்பக்கமாக நீட்டுவாள். இன்னும் பலமாகச் சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். பதினெட்டு வயதில் ஒரு சினிமாவில் நடித்ததாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தின் பெயர் 'ஆற்றங்கரை மருமகள்'. கொட்டும் பனியில், நோயாளி மாமியாருக்கு மருந்து வாங்க முர்யோங் ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நடக்கிற மருமகளின் கதை. அந்தக் காலத்தில் அதைப் பார்த்து அழாதவர்கள் கொரியாவில் இல்லை என்பார்கள். மருமகளாக நடித்தவர் ஓக் ஹியாங்ரான். ஆனால் தண்ணீருக்குள் இறங்கியது அவரில்லை, தான் என்பது அம்மாவின் கட்சி. ஆற்றோர ஊரில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் நடிகையின் உயரத்துக்கும் தோளுக்கும் பொருந்துகிறவளாகப் பார்த்து அழைத்துப்போய், வெள்ளைப் பாவாடையைக் கட்டிவிட்டு ஆற்றில் இறக்கினார்களாம்.

"திரும்பாதேன்னு சொன்னாங்க. நான் திரும்பல." கதையை எப்போதும் இப்படித்தான் முடிப்பாள்.

யார் நம்புவார்கள்? படத்தின் பிரதி ஒன்றுகூட நாட்டில் மிஞ்சவில்லை. ஓக் ஹியாங்ரானோ வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த ஆற்றைக் கடந்துகொண்டே இருந்தார். ஐஸ் கணுக்காலைக் கிழித்தது, அக்கரை போய்ச் சேர்ந்ததும் மயங்கி விழுந்தது, எல்லாம் சொல்வார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை என் அம்மாவின் கதையைச் சொல்லிக் கேலி வாங்கியபின், நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நான் ஜேசுன். தேகு நகரத்துத் திரைப்படக் காப்பகம் ஒன்றில் கிழிந்த படச்சுருள்களை ஒட்டுகிறவள். அம்மாவுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். பொய். வேலை கிடைத்தது, வந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில், துறைமுக ஊர் ஒன்றில் மூடிப்போன கொட்டகையின் மாடியறையில் 'ஆற்றங்கரை மருமகள்' கிடைத்தது. துருப்பிடித்த டப்பாக்களில், முழுப் படமும். ஒட்டும் வேலை என் மேசைக்குத்தான் வந்தது. ஆற்றுக் காட்சி வரும்வரை நான் சாதாரணமாகத்தான் இருந்தேன். காட்சி வந்தது. கரையில் மூன்று நெட்டிலிங்க மரங்கள். நடுவில் ஆறு. வெள்ளைப் பாவாடை கட்டிய ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகிறாள். இடுப்பளவு, மார்பளவு. அங்கே காட்சி வெட்டப்படுகிறது. அக்கரையில் ஓக் ஹியாங்ரானின் முகம், கன்னத்தில் நீர்த்துளிகளோடு.

சுருளைப் பின்னால் சுற்றி மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் இடது தோளைச் சற்று இறக்கி, வலது காலை முதலில் ஊன்றிப் பார்த்து, பிறகுதான் உடம்பை முன்னால் தள்ளினாள். சந்தை நெரிசலில் பின்னாலிருந்து பார்த்தே அம்மாவைக் கண்டுபிடித்து வளர்ந்தவள் நான். இரண்டு கையிலும் எலும்புச் சாறு வாளியோடு ஈரத்தரையில் அவள் நடக்கிற நடை அது. இத்தனை வருஷம் அம்மா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சந்தையோடு சேர்ந்து சும்மா இருந்திருக்கிறேன்.

காப்பகத்தின் தலைவர் மெங்கிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் ஓக் ஹியாங்ரான் என்றால் அவருக்குக் குரலே இளகிவிடும். தோளையும் நடையையும் வைத்து ஒரு பெரிய கலைஞரைப் பொய்யர் என்று சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டார். முதுகு சாட்சி சொல்லாது, முகத்தைக் கொண்டு வா என்றார். கூடவே ஒரு செய்தியும் சொன்னார். படம் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த ஆற்று வட்டார நிர்வாகம் கரையில் நினைவுக்கல் நாட்டப் போகிறதாம். 'உறைபனி ஆற்றை ஓக் ஹியாங்ரான் தாமே நடந்து கடந்த இடம்' என்று செதுக்கவும் ஆரம்பித்துவிட்டார்களாம். பனி உருகியதும் திறப்பு விழா.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடைக்குப் போனேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கறிக்கடை சோ பத்திரிகையைக் கொண்டுவந்து உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். அம்மா குடலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பேச்சுன்னா காத்தோட போயிடும்டி. அவங்க டிவியில பேசினப்போ நான் ஏதாவது சொன்னேனா? ஆனா கல்லு போகாது. நான் செத்து மண்ணாப் போனப்புறமும் அங்கேயே நின்னு பொய் சொல்லிட்டிருக்கும்."

அம்மா அழுகிற ரகம் இல்லை. தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அந்தக் கல் அந்த எழுத்துகளோடு நிற்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் முடிவு செய்துவிட்டால் மெங்கே ஒதுங்கிப் போவார்.

முகம் எங்கே கிடைக்கும்? படத்தில் இல்லை. ஆனால் எந்தக் காட்சியையும் ஒரே தடவையில் எடுக்க மாட்டார்கள். தடுமாறியது, மேகம் மறைத்தது, குறுக்கே நாய் ஓடியது என்று கெட்டுப்போன துண்டுகள் எத்தனையோ இருக்கும். இயக்குநர் 'போதும்' என்று கத்தியதும் அந்தப் பெண் கரையைப் பார்த்துத் திரும்பித்தானே வரவேண்டும்? கேமரா நிற்பதற்குள் ஒரு கணம் அவள் முகம் பதிந்திருக்கலாம். எனக்கு வேண்டியது அந்தக் கழிவு.

இயக்குநர் எப்போதோ இறந்துவிட்டார். படச்சுருள் கழுவிய கூடத்தில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கழிவுத் துண்டுகளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அதெல்லாம் விவசாயிங்க தலைக்குப் போயிடுச்சும்மா."

எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோதுமைத்தாள் தொப்பி எல்லோரும் பார்த்ததுதான். தலைப்பகுதியைச் சுற்றி ரிப்பனுக்குப் பதில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு பட்டை இருக்கும். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை. அது பட்டையே இல்லை, சினிமாச் சுருள். வீணான படத்தைத் தொப்பிக்காரர்கள் எடைக்கு வாங்கி, அளவாக வெட்டிச் சுற்றித் தைத்துவிடுவார்கள். மழைக்கும் வியர்வைக்கும் ரிப்பனைவிட அது தாங்கும். சின்ன வயதில் நாங்களே அதை உருவி வெயிலில் பிடித்துப் பொம்மை பார்த்து அடி வாங்கியிருக்கிறோம். இத்தனை வருஷம் படச்சுருளோடு வாழ்ந்தும், தேடவேண்டிய இடம் ஜனங்களின் தலை என்று எனக்குத் தோன்றவில்லை. டப்பா டப்பாவாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூடத்திலிருந்து கழிவை வாங்கியது சொங்டோ வட்டாரத்தில் ஒரே ஒரு தொப்பிப் பட்டறைதான் என்றும் அவர் சொன்னார். பட்டறை இப்போது இல்லை. தொப்பிகள் இருக்குமே.

உற்சாகமாக அம்மாவிடம் ஓடினேன். படத்தில் வராத துண்டுகளைத் தேடப்போகிறேன் என்றதும் அவள் முகம் மாறியது. வேண்டாம் என்றாள். ஏன் என்றேன். ஊரான் வீட்டுத் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு அலைவதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்றாள். கல் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், விடு என்றாள். கல் நிற்கக் கூடாது என்று சொன்னவளே இவள்தானே என்று எனக்கு எரிச்சல் வந்தது. கதவை அறைந்துவிட்டு வந்துவிட்டேன்.

நாடு திவாலாகிற நிலையில் இருந்த குளிர்காலம் அது. அந்நியக் கடனை அடைக்க, ஜனங்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் வண்டி நிறையப் புதுத் தொப்பிகளோடு சொங்டோவில் ஊர் ஊராகப் போய், பழைய தொப்பி இருந்தால் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கம் முடிஞ்சு இப்போ தொப்பியா? நாடு அவ்வளவு மோசமாப் போயிடுச்சா?"

ஆனாலும் கொடுத்தார். கொட்டிலிலிருந்தும் பரணிலிருந்தும் சோளக்கொல்லைப் பொம்மைகளின் தலையிலிருந்தும் தொப்பிகள் வந்தன. எலி கடித்தவை, பூஞ்சை பிடித்தவை, ஒருத்தர் கோழி அடைகாக்க வைத்திருந்தது. தையலைப் பிரித்து, உப்புப் படிந்த பட்டையை ஈரப் பெட்டியில் வைத்து இளக்கி, விளக்கு மேசையில் போட்டுப் பார்ப்பேன். அறை முழுக்கப் பழைய சுருளின் காடி நாற்றம். ஒரு தொப்பிக்கு ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகத்தான் படம் இருக்கும். அந்த நொடிகளுக்குள் என்னென்னவோ இருந்தன. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை உயர்த்திய மந்திரி ஒருவர், வெட்டுவதற்கு முன்பே முடிந்துபோனார். போருக்குப் பின் பாலம் கட்டும் பெண்கள் தலையில் கல் சுமந்து போனார்கள். வெள்ளத்தில் ஒரு கூரையும் அதன்மேல் ஒரு பன்றியும் மிதந்தன. யாரோ யாரையோ அறையக் கை ஓங்கினார்கள். அறை வேறு யாருடைய தலையிலோ இருந்தது.

மெங்குக்கு முதலில் கோபம். காப்பகம் தொப்பிக் கடையாகிவிட்டது என்றார். பாலம் கட்டும் பெண்களைக் காட்டினேன். அந்தச் செய்திப்படம் எரிந்துபோனது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதன்பிறகு கோபம் தணிந்தது. சனிக்கிழமைகளில் தானே வந்து தையல் பிரிக்க உட்கார்ந்தார். ஆனால் முகத்தைக் கொண்டு வா என்று சொல்வதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

ஒருநாள் அந்த மூன்று நெட்டிலிங்க மரங்கள் வந்தன. வெள்ளைப் பாவாடை, ஆறு, முதுகு. அடுத்த வாரம் இன்னொன்று, அதுவும் முதுகு. பிறகு வெறும் தண்ணீர். பிறகு மறுபடி முதுகு. இடது தோள் இறங்கியிருக்கிறது, வலது கால் ஊன்றுகிறது, அவள் திரும்பவே மாட்டேன் என்கிறாள். திரும்பாதே என்றால் இப்படியா திரும்பாமல் போவாய் என்று விளக்கு மேசையைப் பார்த்து அம்மாவைத் திட்டினேன். இதற்குள் பனி உருக ஆரம்பித்துவிட்டது. கல் செதுக்கி முடிந்துவிட்டது என்று மெங் வந்து சொன்னார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

நான் விடவில்லை. போன ஊர்களுக்கே மறுபடி போனேன்.

அப்படிப் போனபோதுதான் குட்டை மரங்கள் நின்ற பெர்சிமன் பழத்தோப்பு ஒன்றின் ஓரத்தில், வீட்டு வாசல் ஆணியில் ஒரு தொப்பி தொங்குவதைப் பார்த்தேன். முதல் தடவை இந்த வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரி யோம் என்ற விதவை. தொப்பி புருஷனுடையது. அவர் போனதிலிருந்து அது அந்த ஆணியிலேயே தொங்குகிறது. புதுத் தொப்பியை நீட்டினேன். புது ஆளையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் யோசிப்பேன் என்றாள். பட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். எதற்கு என்றாள். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, முதுகு நடிகை, கல், எல்லாம். யோம் அம்மாள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உள்ளே போய், புருஷன் கல்யாணத்துக்கு மட்டும் கட்டிய ஒரே ஒரு கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்தாள். பிரிப்பதென்றால் அந்த இடத்தில் இதைச் சுற்றித் தைத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றாள். அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். தொப்பி முன்பைவிடக் கம்பீரமாகிவிட்டது.

பிறகு பட்டையை வெயிலில் பிடித்தேன்.

மரங்கள். ஆறு. மார்பளவு தண்ணீரில் முதுகு. பட்டையை மெல்ல நகர்த்தினேன். முதுகு, முதுகு, பிறகு தோள் அசைகிறது. கன்னத்தின் ஓரம். காது. தைத்த ஊசி வானத்தில் ஓட்டை போட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். முகம்.

என் அம்மா. பதினெட்டு வயது அம்மா. உதடு நீலம் பாரித்திருக்கும், கறுப்பு வெள்ளையில் அது தெரியவில்லை. கண் மட்டும் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யோம் அம்மாள் பட்டையை வாங்கி வெயிலில் பார்த்துவிட்டு, என் புருஷன் இத்தனை வருஷமா ஒரு பொம்பளையைத் தலையில் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான், என்கிட்ட சொல்லவே இல்லையே என்றாள்.

மதியக் கூட்டம் முடிந்த நேரத்தில் அம்மாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பட்டையைப் பிடித்துக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு போய் அடுப்பைக் குறைத்தாள்.

"இதை எரிச்சிடு" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு குளிர்காலம் முழுக்க நாய்போல அலைந்து கண்டுபிடித்திருக்கிறேன், எரி என்கிறாயே, உனக்கு என்னதான் வேண்டும் என்று கத்தினேன். கறிக்கடை சோ எட்டிப் பார்த்தான். அம்மா கடைக்கதவைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இது 'போதும்'னு சொன்னப்புறம் திரும்பினது இல்ல. பாரு, இன்னும் ஆத்து நடுவுலதான் இருக்கேன். கேமரா ஓடிட்டிருக்கும்போதே திரும்பினேன்."

"குளிர் தாங்காமலா?"

"வேணும்னுதான்."

அவளே சொன்னாள்.

"அக்கரை போய்ச் சேர்ந்ததும் அவங்க முகத்தைத்தான் காட்டுவாங்கன்னு உடை மாத்திவிட்ட பொண்ணு சொல்லிட்டா. பாதி ஆத்துல நினைச்சேன். குளிர்றது எனக்கு, முகம் அவங்களுதா? ஒண்ணுலயாவது என் முகம் இருக்கட்டும். எங்கயோ யாரோ ஒருத்தர் பார்ப்பாங்கன்னு திரும்பினேன். டைரக்டர் கத்துனாரு. உதவிக்கு இருந்தவன் கரையில வெச்சு அறைஞ்சான். அமெரிக்கப் பட்டாளத்து மிச்சத்துல கெஞ்சி வாங்கின சுருளாம், பாழாக்கிட்டேனாம். ஈரத்துணியோட மறுபடி இறக்கி விட்டாங்க. அந்தத் தடவை திரும்பல."

"இதை ஏம்மா எரிக்கணும்?"

"பொறாமையில படத்தைக் கெடுத்தவன்னு சொல்வாங்கடி. இத்தனை நாள் முதுகு நடிகை. அந்தப் பேராவது பொய்யில்ல."

பொறாமை இல்லை, ஆசை என்றேன். ஆசைப்பட்டதற்கு ஒருமுறை அறை வாங்கி, இன்னொருமுறை ஆற்றிலும் இறங்கியாகிவிட்டது, இன்னும் என்ன பாக்கி என்று கேட்டேன். அம்மா மறுபடி பட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அவ்வளவு சின்னதாக இருந்தேனா என்று கேட்டாள். பிறகு, சரி, போட்டுக் காட்டு, ஆனால் அந்தம்மாவும் வந்து பார்க்கவேண்டும் என்றாள்.

ஓக் ஹியாங்ரானைக் காப்பகத்துக்கு மெங்தான் வரவழைத்தார். என்ன படம் என்று சொல்லாமலே வரவழைத்தார். பட்டையைப் பார்த்த அன்றே நேராகக் கடைக்குப் போய் என் அம்மாவுக்குக் குனிந்து வணங்கியவர் அவர். வட்டார அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். நடிகை சாம்பல் நிறப் பட்டு ஹன்போக் உடையில், கைத்தடியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா கடைசி வரிசையில், கடையில் வேலை செய்த உடுப்போடு.

அசலை ஓட்டினால் பொடியாகிவிடும், பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஓட்டினேன். ஒரு நொடி. திரை வெள்ளையானது. என்ன அது, ஆரம்பிக்கவே இல்லையே என்றார் அதிகாரி. மறுபடி ஓட்டினேன். தும்மினால் தவறிவிடும் நீளம் அது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தொப்பியில் அது வளையமாகத்தானே இருந்தது? இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினேன். தொங்கும் பக்கத்தை ஒரு துடைப்பக் கம்பில் மாட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆற்றின் நடுவில் பெண் திரும்பினாள். முகம். மறுபடி முதுகு, திரும்பினாள், முகம். மறுபடி முதுகு. மறுபடி முகம். நிற்கவே இல்லை.

ஓக் ஹியாங்ரான் கைத்தடியை ஊன்றி எழுந்தார். நடுப்பாதையில் நடந்து கடைசி வரிசைக்கு வந்து, திரை வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். திரையில் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"நான் கரையில நெருப்புகிட்டக் கம்பளி போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார். "அவங்க கத்தினப்போ நீ விழுந்துட்டேன்னு நினைச்சேன். நீ விழுந்துட்டா என்னை இறக்கிடுவாங்களேன்னுதான் பயந்தேன். உன்னைப் பத்தி நினைக்கல."

அம்மா நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டாள்.

"படம் வந்தப்புறம் எத்தனையோ பேர் கேட்டாங்க, தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சான்னு. ஆமான்னு ஒரு தடவை சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாக் குளிர ஆரம்பிச்சிடுச்சு."

"சில்லுனுதான் இருந்துச்சு, அக்கா" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேசினார்கள். கல் செதுக்கியாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள். நடிகை அவர்கள் பக்கம் திரும்பி, செதுக்கத் தெரிந்தவனுக்குத் தேய்க்கவும் தெரியும் என்றார். சரியாகச் சொன்னீர்கள் என்ற மெங்கின் குரல் வழக்கம்போல இளகியது; இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதற்குக் காரணம் இருந்தது.

ஆற்றில் பனி போனபின் விழா நடந்தது. நெட்டிலிங்க மரங்களில் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. கல்லில் ஓக் ஹியாங்ரான் என்றிருந்த இடத்தைத் தேய்த்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்துக்குள் கூ போங்சிம் என்று அம்மாவின் முழுப்பெயரை வெட்டியிருந்தார்கள். பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். தெரியட்டும். சந்தையிலிருந்து ஒரு வண்டி நிறைய வந்திருந்தார்கள். கறிக்கடை சோ புதுச் சட்டை போட்டிருந்தான். யோம் அம்மாள் புருஷனின் தொப்பியை, கழுத்துப்பட்டையோடு, தானே போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பத்திரிகைப் புகைப்படக்காரன் அம்மாவைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தினான். படத்தில் வந்ததுபோலவே எங்களுக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நில்லுங்கள் என்றான். அம்மா சொன்னபடி நின்றாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்படியே இருங்க, திரும்பிடாதீங்க என்று சொல்லிவிட்டு அவன் எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு.

மூன்றுக்கு அம்மா திரும்பினாள்.

அவன் அலுத்துக்கொண்டு இன்னொரு படம் எடுக்கவேண்டும் என்றான். அம்மா பாவாடையை உதறிக்கொண்டு, இது போதும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தாள்.